எட்டுப் பேர் உட்காரும் மேஜை

வெள்ளானூரில் விளக்கு கேட்டிருந்த அக்கா கொண்டுவந்து காட்டிய காகிதத்தைப் பார்த்ததுமே அது யார் கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பென்சிலில் வரைந்த ஒரு நீள்வட்ட மேஜை. பக்கத்தில் அளவுகள். ஏழு வந்த இடத்திலெல்லாம் நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கோடு. ஒன்றையும் ஏழையும் குழப்பிக்கொண்டதில் ஒருமுறை ஓர் அலமாரிக்கான பலகை முழுவதும் தப்பான அளவில் அறுபட்டுப் போனது. அதற்குப் பிறகு அவர் ஏழுக்குக் கோடு போடாமல் விட்டதே இல்லை. குழப்பிக்கொண்டு அறுக்கக் கொடுத்தது நான்தான்.

"நல்லா வரைஞ்சிருக்காரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, செல்போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டேன்.

நான் விளக்கு செய்கிறவள். ஒருவருடைய வீட்டுக்குப் போய், யார் எங்கே உட்காருவார்கள், யார் எதைப் படிப்பார்கள், யாருக்குக் கண் கூசும் என்றெல்லாம் கேட்டு, அதற்கேற்றாற்போல் வரைந்து, பித்தளையிலோ துணியிலோ பிரம்பிலோ செய்து மாட்டிக் கொடுப்பேன். பட்டறை அம்பத்தூருக்குப் பக்கம் மேனாம்பேட்டில் இருக்கிறது. அந்தப் படத்தை வரைந்தவர் பூந்தமல்லியில் பட்டறை வைத்திருந்தார். மேஜை, கட்டில், அலமாரி என்று கேட்பவர்களின் வீட்டுக்குத் தகுந்தபடி செய்து கொடுப்பவர். நான்கு வருடத்துக்கு முன்புவரை என் கணவர்.

வீடு இரண்டு சகோதரிகளுடையது. மூத்தவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். தங்கை ஆவடியில் நர்ஸ். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஒரே அறை வாடகை வீட்டில் இருந்துவிட்டு, அவர்களுடைய அப்பா கூலிக்கு ஏர் ஓட்டிய நிலத்துக்குப் பக்கத்திலேயே மனை வாங்கி வீடு கட்டியிருந்தார்கள். சுவரில் பெயின்ட் வாசனை போகவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது. நடுக்கூரையில் ஒரு கொக்கி மட்டும் தொங்கியது.

இரண்டு பேர் இருக்கும் வீட்டில் எட்டுப் பேர் உட்காரும் மேஜை எதற்கு என்று கேட்டேன். விளக்கின் நீளத்தை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால் வேலைக்காகத்தான் கேட்டேன்.

"அந்த ஒத்த ரூம்ல யாருனா வந்தாங்கன்னா நாங்க ரெண்டு பேரும் எழுந்து வெளிய நின்னுக்குவோம்மா. வந்தவங்களும் சீக்கிரம் கெளம்பிடுவாங்க. இப்போ வர்றாங்களோ இல்லியோ, வந்தா எடம் கீதுன்னு இருக்கணும்ல" என்றார் அக்கா.

மேஜை செய்கிறவரை எனக்குத் தெரியும் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். தெரியும் என்றால் எப்படித் தெரியும் என்று கேட்பார். அதற்கு அடுத்த பதிலை அந்தக் காலி கூடத்தில் நின்றுகொண்டு சொல்ல எனக்குத் தெம்பில்லை. கொக்கிக்கும் தரைக்கும் இடையே உள்ள உயரத்தை அளந்துகொண்டு கிளம்பிவிட்டேன்.

நாங்கள் இருவரும் ஒரு சமையலறை அலமாரிக் கம்பெனியில் வேலை பார்த்தபோது பழகினோம். அவர் ஆவடிக்காரர். நான் மேனாம்பேட்டிலேயே பிறந்தவள். என் அப்பா எஸ்டேட்டில் ஃபிட்டர். கல்யாணமான இரண்டாவது வருடம் இருவரும் வேலையை விட்டுவிட்டு, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தோம். மரம் அவருக்கு, விளக்கு எனக்கு. வருகிறவர்களிடம் பேசுவது நான். அவர் தலையாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று மர மாதிரிகளைக் காட்டுவார். பதினோரு வருடம் அப்படிப் போனது. குழந்தை இல்லை. அதைப் பற்றி ஆரம்பத்தில் பேசினோம், பிறகு பேசவில்லை.

பிரிந்ததற்கு என்ன காரணம் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் கிடையாது. அவர் குடிக்கிறவர் அல்ல, கை நீட்டியவர் அல்ல. வேறு யாரும் இல்லை. காலையில் எழுந்ததும் எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று பேசுவோம். ஷெட்டில் நாள் முழுக்க அளவு, பாலிஷ், ஒயர், லாரி. ராத்திரி சாப்பிடும்போது நாளைக்கு என்ன என்று பேசுவோம். ஒரு வருடம் பொங்கலுக்கு நான்கு நாள் ஷெட்டை மூடினோம். அந்த நான்கு நாளில் நாங்கள் பேசியதை ஒரு தாளில் எழுதினால் பாதிப் பக்கம் வராது. மூன்றாம் நாள் மத்தியானம், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அவர் டேப்பை எடுத்துப் பீரோவை அளந்துகொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றார்.

ஒருநாள் பூந்தமல்லியில் ஒரு ஷெட் காலியாகிறது, பார்த்துவிட்டு வந்தேன் என்றார். போவதென்றால் அங்கேயே தங்கிவிடுவது என்பதும் அதில் அடங்கியிருந்தது. நான் மறுக்கவில்லை. சாமான்களைப் பிரித்தபோதுகூட வாக்குவாதம் வரவில்லை. மரம் சம்பந்தப்பட்டதெல்லாம் வண்டியில் ஏறியது. பலகையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகளை எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் என் ஒயர் சுருள்களைப் பருமன்வாரியாகச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். பிறகு கோர்ட்டில் இரண்டு முறை பார்த்தோம். அத்தோடு சரி.

அவர் போன பிறகு ஷெட்டில் முக்கால்வாசி இடம் வெறுமையாகக் கிடந்தது. நான் என் மூலையிலேயே வேலை செய்தேன். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது மத்தியான நேரம்தான். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி சாப்பிடுவேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கொஞ்ச நாளில் ஒரு பழக்கம் வந்தது. பூந்தமல்லியில் எனக்குப் பித்தளை வேலை செய்து கொடுக்கும் பாய் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டு முன்கட்டில்தான் பட்டறை. சாமான் வாங்கப் போகிற நாட்களில் வேண்டுமென்றே பன்னிரண்டரை மணிக்குப் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புவேன். பாயும் அவர் மனைவியும் தட்டு வைப்பார்கள். என் டிபனையும் நடுவில் வைத்து மூவரும் சாப்பிடுவோம். ஒருமுறை ஒரே வாரத்தில் மூன்று நாள் போய்விட்டேன். மூன்றாம் நாள் எடுத்துவர ஒன்றுமே கிடையாது. பாயின் மனைவி எதுவும் கேட்காமல் தட்டை எடுத்து வைத்தார். எனக்கு வெட்கமாகப் போய், அதன்பிறகு ஒரு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. அதே பூந்தமல்லியில்தான் என் கணவராக இருந்தவருடைய ஷெட்டும் இருந்தது. ஒருநாள்கூட அந்தத் தெருவுக்குள் நான் நுழையவில்லை.

வெள்ளானூர் அக்காவுக்கு நீளமான ஒரே விளக்காக வரைந்தேன். ஐந்தடி நீளத்தில் பித்தளைக் கம்பியில் நீள்வட்டமாக ஒரு கூடு, அதன்மேல் வெளுக்காத பருத்தித் துணி, உள்ளே மஞ்சள் வெளிச்சம். துணியைத் தானே தைத்துத் தருவதாக அக்கா சொன்னார். வாடிக்கையாளர் செய்கிற வேலை சரியாக வராது என்று பயந்தேன். பாய் பற்றவைத்துக் கொடுத்த கூட்டை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா அதைத் தரையில் படுக்கவைத்து, காகிதம் சுற்றி மாதிரி வெட்டி, மறுநாள் தைத்துப் போட்டுக் காட்டினார். ஒரு சுருக்கம் இல்லை. தையல் வெளியில் தெரியவில்லை. முப்பது வருடம் மற்றவர்கள் தைத்ததைத் திருப்பிப் பார்த்துப் பார்த்துத் தப்புக் கண்டுபிடித்தவர். தன்னுடையதையும் அப்படியே திருப்பிப் பார்த்தார். ஒரு இடத்தில் இரண்டு அங்குலம் பிரித்து மறுபடி போட்டார். அந்த இரண்டு நாட்களும் நான் அங்கேயே மத்தியானம் சாப்பிட்டேன்.

மேஜை வருவதற்கு முதல்நாளே விளக்கை மாட்டிவிட்டு வந்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். ஆனால் அக்கா இரண்டும் ஒரே நாளில் வரட்டும், நல்ல நாள் பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அப்படியானால் சீக்கிரமே போய்விடலாம் என்று காலை எட்டு மணிக்கே லோடு ஆட்டோவில் விளக்கை ஏற்றிக்கொண்டு போனேன். ஏணியில் ஏறி ஒயரை இணைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் வண்டி சத்தம் கேட்டது. ஒன்பது மணிகூட ஆகவில்லை. அவர் எப்போதும் தாமதமாக வருகிறவர்.

மேஜையின் மேல்பலகையை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்பக்கம் பிடித்திருந்தவர் அவர்தான். பின்னோக்கி நடந்து வந்ததால் என்னைப் பார்க்கவில்லை. பலகையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவர் ஏணியைப் பார்த்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். காதோரம் நரைத்திருந்தது.

"நீங்களா லைட்டு?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

பதினான்கு வருடமாக நாங்கள் ஒருவரையொருவர் நீ, வா, போ என்றுதான் பேசியிருக்கிறோம். கோர்ட்டில்கூட. அந்த 'ங்க' இரண்டு பேர் வாயிலும் தானாக வந்தது. அக்கா சமையலறை வாசலில் நின்று, உங்களுக்குள் பழக்கமா என்று கேட்டார். ஒரு காலத்தில் ஒன்றாக வேலை செய்தோம் என்றார் அவர். பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஏணியின் மேல் படியில் நின்றபடி அதைக் கேட்டபோது, ஏற்கெனவே இறுக்கிய திருகை மறுபடி இறுக்கினேன்.

மேஜையைப் பூட்டி, கூட வந்த நாற்காலிகளையும் போட்ட பிறகுதான் சிக்கல் தெரிந்தது. இடையில் அக்கா ஓர் அடி நீளம் கூட்டிக் கேட்டிருக்கிறார். அதை என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். நீளம் கூடியதால் சமையலறைக் கதவு இடிக்காமல் இருக்க மேஜையை ஜன்னல் பக்கம் தள்ள வேண்டி வந்தது. விளக்கோ எலக்ட்ரீஷியன் கூடத்தின் நடுவில் போட்டுவைத்த கொக்கியில் தொங்கியது. மேஜையின் ஒரு முனை இருட்டில் கிடக்க, மறுமுனைக்கு வெளியே தரையில் வெளிச்சம் விழுந்தது.

அக்காவின் முகம் வாடிவிட்டது. தங்கை நைட் டியூட்டி முடிந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பிக் காட்ட வேண்டும் என்று அக்கா காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். மேஜை செய்தவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பழைய கொக்கியை விட்டுவிட்டு, மேஜைக்கு நேர்மேலே புதிதாக இரண்டு ஓட்டை போட்டு, விளக்கை இரண்டு இடத்தில் தொங்கவிட்டால் நீளம் குறைவது தெரியாது. இதை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் வண்டியிலிருந்து டிரில்லை எடுத்து வந்தார். நான் நூல் பிடித்து நடுப்புள்ளியைக் குறித்தேன். பென்சிலுக்குக் கை நீட்டுவதற்குள் பென்சில் கையில் இருந்தது. நான் ஓட்டை போடும்போது தூசி கண்ணில் விழாமல் இருக்க அவர் கீழே அட்டையைப் பிடித்துக்கொண்டார்.

உயரம் பார்க்க வேண்டும். நாங்கள் அதைச் செய்கிற விதம் ஒன்று உண்டு. அவர் நாற்காலியில் சாப்பிடுகிறவர் போல உட்காருவார். நான் ஏணியிலிருந்து விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவேன். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரிய வேண்டும், பல்பு கண்ணில் படக் கூடாது. அவர் கேட்காமலே போய் உட்கார்ந்தார். நான் இறக்கினேன். எதிரில் யாரும் இல்லாத நாற்காலியைப் பார்த்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு போதும் என்றார்.

எண்ணிப் பார்த்தால் இரண்டு மணி நேரம். அந்த நான்கு வருடத்தில் எனக்கு மிகவும் லேசாக இருந்த இரண்டு மணி நேரம் அதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

அக்கா எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. தூக்க வந்தவர்களுக்கு முதலில் பரிமாறி அனுப்பிவிட்டு, தங்கையை எழுப்பிக்கொண்டு வந்தார். நாங்கள் நால்வரும் உட்கார்ந்தோம். தங்கை விளக்கை அண்ணாந்து பார்த்து, அக்காவின் தையலைக் கண்டுபிடித்துச் சிரித்தார். வஞ்சிர மீன் குழம்பு. மேஜை செய்தவர் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா பேச்சோடு பேச்சாக என் பக்கம் திரும்பினார்.

"உங்க ஊட்டுக்காரரு இன்னாம்மா பண்றாரு?"

இந்தக் கேள்விக்கு நான் வைத்திருக்கும் பதில் ஒன்று உண்டு. வெளியூரில் வேலை என்பேன். பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள். அன்று அதைச் சொல்ல முடியவில்லை.

"இல்லீங்க. பிரிஞ்சி நாலு வருஷம் ஆச்சி."

அக்கா சங்கடப்பட்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் எதிரில் இருந்தவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அது நான்தாங்க."

தங்கை கையிலிருந்த தம்ளரைக் கீழே வைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து, குழம்புச் சட்டியை எடுத்து முதலில் அவருக்கும் பிறகு எனக்கும் ஊற்றினார். இருவருக்கும் நடுக்கண்டமாகப் பார்த்து ஒவ்வொரு துண்டு வைத்தார். பிறகு தங்கையிடம் ஆஸ்பத்திரியில் முந்தின ராத்திரி எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்டார். அந்தப் பேச்சு சாப்பாடு முடியும்வரை ஓடியது. அதற்காக நான் அக்காவுக்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

வெளியே வந்தபோது அவர் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து மனையில் கொட்டியிருந்த மணலின் மேல் இரண்டு நாய்கள் படுத்திருந்தன. டிரைவரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். தினமும் மத்தியானம் எங்கே சாப்பிடுகிறேன் என்று கேட்டார். ஷெட்டிலேயேதான் என்றேன். பதிலுக்கு நானும் கேட்டபோது 'நீங்க' என்று சொல்லாமல் 'நீ' என்றே கேட்டேன். அவருக்கும் அது எளிதாக இருந்திருக்க வேண்டும்.

"எனுக்குத் தனியா முடியல" என்றார். "வேல ஓகே. வர்றவங்ககிட்ட பேசத் தெரியல. இன்னா வேணும்னு அவங்க சொல்றதுக்குள்ள நான் முடிச்சிடறேன். திரும்ப ஒண்ணா பண்ணலாமா? வேல மட்டும். வேற ஒண்ணும் கேக்கல."

சரி என்று சொல்லத்தான் மனசு முந்தியது. காலியாகக் கிடக்கும் ஷெட்டில் மறுபடி மரத்தூள் விழும், மத்தியானம் ஒரு ஆள் எதிரில் இருக்கும், சொல்லாமலே பென்சில் கைக்கு வரும். அவ்வளவையும் நினைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு சாயங்காலம் ஆறு மணியையும் நினைத்துப் பார்த்தேன். அவர் ஒரு பக்கம் பூட்ட, நான் ஒரு பக்கம் விளக்கை அணைக்க, இருவரும் வேறு வேறு திசையில் போக வேண்டும். இல்லை, ஒரே திசையில் போய் மறுபடியும் அந்தப் பொங்கல் விடுமுறை போல உட்கார்ந்திருக்க வேண்டும்.

"முன்னாடியும் நாம வேல மட்டும்தானே பண்ணோம்" என்றேன்.

அவர் மணல் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆமா" என்றார். குரலில் கோபம் இல்லை. ஒரு மரத்தில் விரிசல் இருக்கிறது என்று காட்டினால் எப்படி ஒப்புக்கொள்வாரோ அப்படித்தான் ஒப்புக்கொண்டார். ஆவடி வரை கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டார். பஸ் வரும் என்றேன். அவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி கிளம்பியது.

பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. ஆவடியில் இறங்கி ரயில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் உட்கார இடம் இருந்தது. இருந்தும் அம்பத்தூர் வரை நின்றுகொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் முன்பிருந்ததைவிட மோசமாக இருந்தன. நான் சொன்னது சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதுவரை என்னுடைய தனிமையில் ஒரு காத்திருப்பும் கலந்திருந்தது, எனக்கே தெரியாமல். வாசலில் எந்த வண்டி நின்றாலும் தலை ஒருமுறை நிமிரும். வெள்ளானூருக்குப் பிறகு அது நின்றுபோனது. நிமிராமல் வேலை செய்தேன். வேலை வேகமாக முடிந்தது. முடிந்த பிறகு நேரம் நிறைய இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு பெரிய ஃபர்னிச்சர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஷெட்டைக் காலி செய்கிறார். வாடிக்கையாளர்களோடு பேச வேண்டிய வேலை இல்லை என்றும் எழுதியிருந்தார். நல்லது என்று பதில் போட்டேன். இன்னும் ஏதாவது எழுதலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். ஒன்றும் எழுதவில்லை.

வெள்ளானூர் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். போனேன். தங்கையோடு வேலை செய்யும் மூன்று நர்ஸ்கள், எதிர்வீட்டுக் கணவன் மனைவி, நான், அவர்கள் இருவர். என்னை எல்லோருக்கும் 'லைட்டு செஞ்ச பொண்ணு' என்று அறிமுகப்படுத்தினார். நர்ஸ்கள் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். முகங்கள் நன்றாகத் தெரிந்தன, யாருக்கும் கண் கூசவில்லை. வேலை சரியாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் பேசியதில் பாதி எனக்குத் தெரியாத ஆட்களைப் பற்றியது. தட்டை எடுத்துப் போட எழுந்தபோது அக்கா என் தோளை அழுத்தி உட்காரவைத்தார். பிறகும் இரண்டு முறை கூப்பிட்டார். ஒருமுறை போனேன், ஒருமுறை காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். காய்ச்சல் இல்லை.

இப்போது ஷெட்டின் நடுவில் தகரத் தடுப்பு போட்டு, பெரிய பக்கத்தைப் பெட்டி கட்டுகிற ஒருவருக்கு விட்டுவிட்டேன். என் பக்கம் கைக்கடக்கமாக இருக்கிறது. வாரத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், பூந்தமல்லி போய்ப் பாய் வீட்டில் சாப்பிடுகிறேன். முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிட்டுப் போகிறேன். மற்ற நாட்களில் மழை பிடித்தால் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் எழும் சத்தத்தில் எதிரில் யாராவது இருந்து பேசினாலும் காதில் விழாது. பேச்சுத் துணைக்கு வைத்திருக்கும் ரேடியோவை நிறுத்திவிட்டு, துணியை விரித்து அளவு குறிக்க ஆரம்பிப்பேன்.